முகப்புக்கு முன் முதுகு: மதுரங்குளிக் கரையில் வானொலி, தொலைக்காட்சி அலுமாரிகள்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் ஏ-3 நெடுஞ்சாலையில், சிலாபத்தையும் முந்தலையும் கடந்து மதுரங்குளிக்கு வந்து சேரும் பிரயாணி, தென்னந்தோட்டங்களுக்கு இடையிடையே கண்ணாடிக் கதவும் மினுங்கும் பூச்சும் கொண்ட தொலைக்காட்சி அலுமாரிகள் தளபாடக் கடை வாசல்களில் நிறுத்தப்பட்டிருப்பதைக் காணாமல் போக முடியாது. முகப்பைப் பார்த்து விலை கேட்பவர் பலர். பின்புறம் சென்று பார்ப்பவர் அரியர். வானொலி, தொலைக்காட்சி, ஒலிபெருக்கி முதலிய வீட்டுச் சாதனங்களுக்கென ஓர் அலுமாரி வேண்டுமாயின், அதை ஆயத்தமாக வாங்குவதா, அளவு கொடுத்துச் செய்விப்பதா, செய்விப்பதாயின் எம்மரத்தில், எம்முறையில் என்னும் விஷயம் மேலோட்டமாக நோக்குவார்க்கு அற்பமாகத் தோன்றக்கூடும். எனினும் மரத்தின் இயல்பு, கடற்காற்றின் குணம், மின்சாரத்தின் உஷ்ணம், ஒலியின் நியமம், அரசாங்கத்தின் சட்டம் ஆகிய இத்தனையும் வந்து கூடுகின்ற இடம் அது என்பதால், இதுகாறும் நடந்துவந்த வழக்கங்களையும் அவற்றின் குணதோஷங்களையும் ஒருங்கே வைத்து ஆராய்வது வீண் முயற்சியாகாது. இக்கரையைப் பொறுத்தவரை அலுமாரியின் யோக்கியதை அதன் முதுகிலும் அடியிலும் தங்கியிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

வானொலியின் ஆதிகாலத்தில் இப்பிரச்சினை எழவேயில்லை. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஒலிபரப்பைத் தொடங்கிய பின்னர், வசதி படைத்த வீடுகளுக்கு வந்துசேர்ந்த கருவிகள் தமக்குரிய பேழையைத் தாமே உடுத்துக்கொண்டு வந்தன. இங்கிலாந்தில் மர்பி நிறுவனத்துக்காக ஆர். டி. ரசல் 1930களில் வகுத்த மரப்பேழைகள் வானொலியைத் தளபாட வர்க்கத்தில் சேர்த்தன. எக்கோ நிறுவனத்துக்காக வெல்ஸ் கோட்ஸ் வகுத்து 1934இல் வெளிவந்த வட்ட வடிவான பேக்கலைட் பேழையோ, இது மேசையுமன்று, அலுமாரியுமன்று, ஒரு யந்திரம் என்று வெளிப்படையாகவே கூறிற்று. 1956இல் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம், ஹான்ஸ் குகெலோட், டீட்டர் ராம்ஸ் ஆகிய இருவரின் கைவண்ணமாக, தெளிந்த பிளாஸ்டிக் மூடியோடு வெளியிட்ட எஸ்.கே. 4 என்னும் வானொலி இசைத்தட்டுக் கருவி, 'ஸ்நோ வைட்டின் சவப்பெட்டி' என்ற பரிகாசப் பெயரைப் பெற்றபோதிலும், பின்வந்தோர் பலருக்கு வழிகாட்டியாயிற்று. சாதனத்தை மரத்துக்குள் மறைப்பதா, உள்ளபடி காட்டுவதா என்னும் அவ்வழக்கு இன்றளவும் தீர்ப்பின்றியே நடக்கிறது. அந்நிய தேசத்துக் குளிரை மனத்திற்கொண்டு விலங்குப் பசையால் ஒட்டப்பட்ட மெல்லிய வால்நட் தகடுகள், ஈரம் மிகுந்த கரையோரத்தில் ஓரம் கிளம்பி உரியத் தலைப்பட்டன என்பது மாத்திரம் இவ்விடத்தில் நமக்கு வேண்டிய பாடம்.

1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆரம்பமாகி, பின்னர் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனின் குரல் கடலுக்கு இப்பாலும் அப்பாலும் வீடுதோறும் பரிச்சயமானபோது, வானொலிப் பெட்டி கூடத்தின் மேசைமீது பின்னல் துணி போர்த்தப்பட்டு, வீட்டுப் பெரியவர் ஒருவருக்குரிய மரியாதையோடு வீற்றிருந்தது. பிறகு வந்த டிரான்சிஸ்டர், சிறிய மின்கலத்தால் இயங்கி, வாடிக்கும் வள்ளத்துக்கும் தூக்கிச் செல்லத் தக்கதாக அமைந்தமையால், அலுமாரியின் தேவையையே சிறிது காலம் ஒழித்துவிட்டது. அதை மீண்டும் கொணர்ந்தது தொலைக்காட்சி. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்பைச் சூழ ஒளிபரப்பத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கி, பிதுருதலாகலை உச்சியிலிருந்து தீவின் பெரும்பாகத்தை எட்டியது. 1977க்குப் பின் இறக்குமதித் தடைகள் தளர்ந்ததும், மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றவர்கள் திரும்பும்போது ஜப்பானியக் கருவிகளைச் சுமந்து வந்ததும் இதே காலத்தில்தான்.

அக்காலத் தொலைக்காட்சி ஆழம் மிகுந்த கண்ணாடிக் குழாயைக் கொண்டது; இருபத்தொன்பது அங்குலப் பெட்டி நாற்பது கிலோகிராமுக்கு மேல் கனக்கும். மின்கம்பி எட்டாத கிராமங்களில் மோட்டார் வாகன மின்கலத்தைப் பட்டணத்தில் மின்னேற்றி வந்து அதன் துணையால் கறுப்பு வெள்ளைப் பெட்டியை இயக்கினர். அம்மின்கலத்துக்கென அலுமாரியின் அடித்தட்டில் இடம் விடப்பட்டபோது, அதன் அமிலப் புகையால் பலகை வெளிறி நார்நாராய்க் கிழிந்ததும் உண்டு. மின்சாரம் வந்து மின்கலம் ஒழிந்த பிற்பாடு, பீங்கானும் வெற்றிக் கிண்ணங்களும் மணமக்கள் படமும் நிறைந்த 'ஷோகேஸ்' என்னும் சுவர் அலுமாரியின் நடுவே தொலைக்காட்சிக்கு ஒரு சதுரக் குகை தோண்டும் சம்பிரதாயம் எங்கும் பரவியது. கத்தோலிக்க வீடுகளில் அதன் உச்சியில் சொரூபம்; உடப்புப் பக்கத்து இந்து வீடுகளில் சுவாமி படம்; முஸ்லிம் வீடுகளில், மஃரிப் நேரத்தில் சாத்திவைக்கத் தக்க இரட்டைக் கதவு. பக்தியும் நாகரிகமும் இங்ஙனம் ஒரே மரச்சட்டத்துள் வாசம் செய்தமை பார்க்க இனிதாயினும், அக்குகைக்குள் காற்றுக்கு வழியில்லை என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை.

காற்று என்று கூறியதும் இக்கரையின் காற்றைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவது அவசியமாகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து ஓயாது வீசும் காற்றின் பலம் எத்தகையது என்பதற்கு, 2010இல் மாம்புரியில் எழுந்து இன்று கற்பிட்டிக் குடாநாடெங்கும் பெருகிவிட்ட காற்றாடிக் கோபுரங்களே சாட்சி. அது எதைச் சுமந்து வருகிறது என்பதற்குப் பாலாவியிலும் புத்தளத்திலும் பரந்து கிடக்கும் உப்பளங்கள் சாட்சி. கடலும் களப்பும் இருபுறமும் அணைத்திருக்கும் இந்நிலத்தில், கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் கூடத்தின் ஒவ்வொரு பொருளின்மேலும் படிகிறது. பகலில் அது வெறும் தூசி. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ நூற்றுக்கு 75 என்னும் அளவைத் தாண்டும்போதோ, சோற்றுப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையும் இயல்புடையதாதலின், இராக்காலத்தில் அதே தூசி மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறி, செம்பிலும் ஈயப்பற்றிலும் அரிப்பை உண்டாக்குகிறது. கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் உட்சூடே அதை உலர்த்திக் காக்கும். அணைத்து மூடி வைத்தபின்தான் கேடு விளைகிறது. நாள்தோறும் பாடும் வானொலியைவிட, பெருநாளுக்கு மட்டும் திறக்கப்படும் விலையுயர்ந்த இசைக்கருவி முந்திப் பழுதாவதன் இரகசியம் இதுவே. காசு மிகுதியாகச் செலவிட்டவர்தாம் அதிகம் பூட்டிவைக்கிறார் என்பது இதில் பொதிந்துள்ள வேடிக்கை.

இனி, உப்பைத் தடுப்பதற்காக அலுமாரியை நாற்புறமும் அடைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கே உஷ்ணம் குறுக்கிடுகிறது. ஆம்பிளிபயர், 'செட் டொப் பொக்ஸ்' என்னும் அலைமாற்றிப் பெட்டி, மின்வழங்கி ஆகிய யாவும் தாம் உண்ணும் மின்சாரத்தின் பெரும்பகுதியைச் சூடாகவே வெளியிடுகின்றன. அவற்றினுள்ளே இருக்கும் கொண்டென்சர்களின் ஆயுள், வெப்பம் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் ஏறுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னியலார் நெடுநாளாகக் கைக்கொண்டுள்ள கணக்கு. உள்ளே அடைபட்ட காற்று மேலெழ வழியின்றிச் சூடேறினால், பத்தாண்டு உழைக்கவேண்டியது ஐந்தாண்டில் அடங்கும். ஆகவே அடைத்தாலும் கேடு, திறந்தாலும் கேடு என்னும் இந்த இருதலைச் சங்கடத்துக்கு, நம் பாட்டிமார் கையாண்ட ஒரு சாதனத்திலேயே விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. முற்காலச் சமையலறைகளில் பாலும் கறியும் வைத்த 'மீற் சேப்' என்னும் அலுமாரி, பக்கங்களில் கம்பிவலையும், நிலத்திலிருந்து உயர்ந்த நான்கு கால்களும், அக்கால்களைச் சுற்றி நீர் நிறைந்த கிண்ணங்களும் கொண்டு, காற்றை விட்டு எறும்பை விலக்கியது. தொலைக்காட்சி அலுமாரியும் அதைப் போலவே காலில் நின்று, அடித்தட்டில் காற்றுப் புகும் இடைவெளியும் மேல்தட்டின் பின்னோரத்தில் சூடு வெளியேறும் இடைவெளியும் பெற்று, கதவுகளில் பலகைக்குப் பதிலாகப் பிரம்புப் பின்னல் உடையதாக அமையுமானால், உஷ்ணம் தானே மேலெழுந்து போகும். தொலை இயக்கியின் கட்புலனாகாக் கதிரும் பின்னலின் கண்கள் ஊடே பெரும்பாலும் தடையின்றிச் செல்லும். கூடத்தின் அழகுக்கும் பங்கமில்லை. பிரம்பு வேலைக்குக் கொழும்பு கண்டிச் சாலையிலுள்ள வேவல்தெனிய பெயர்பெற்றதாதலால், பின்னலை அங்கிருந்து வருவித்துச் சட்டத்தில் பொருத்துவதும் கடினமன்று. உப்புப் படலத்தை வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டியதுதான். அதைத் தவிர்க்கும் தந்திரம் எதுவும் இல்லை.

இவ்விடத்தில்தான் முதுகின் சிறப்பு வெளிப்படுகிறது. கடையில் விற்கும் அலுமாரிகளின் பின்பலகை பெரும்பாலும் மெல்லிய அழுத்தப் பலகையாய், சிற்றாணியால் அறையப்பட்டு, வயர் நுழைவதற்கு உள்ளங்கையளவு ஓட்டை ஒன்றே கொண்டதாக இருக்கிறது. பழுது நேரும்போது அலுமாரியை இருவர் கூடி இழுத்தாலன்றிப் பின்புறத்தை அணுக முடியாது. அன்றியும், பருவ மழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் மாலைதோறும் இடியும் மின்னலும் இப்பக்கங்களில் உக்கிரமாக இருக்குமாதலின், வானம் இருண்டவுடன் பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடுவது இன்றியமையாத காரியம்; 230 வோல்ற்று மின்சாரம் வரும் துவாரத்தை அலுமாரியின் முதுகுக்குள் புதைத்துவிட்டுப் பின்னர் இருட்டில் கையை விட்டுத் துழாவுவது விவேகமாகாது. பின்பலகையை இரண்டு மூன்று துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் திருகாணியால் மாத்திரம் பூட்டி, சுவருக்கும் அலுமாரிக்கும் இடையே ஒரு சாணேனும் இடம் விட்டு, பிளக் பக்கவாட்டிலிருந்து கைக்கெட்டும்படி அமைப்பது ஓடாவிக்கு அரைநாள் வேலை. திருகாணிகள் பித்தளையிலோ, 316 என்னும் தரத்துத் துருவேறா உருக்கிலோ இருக்கவேண்டும்; சாதாரண இரும்பு சில வருஷங்களில் உப்பேறித் தலை உடைந்து, கழற்ற முடியாததாகிவிடும்.

அடியைப் பற்றிய கவலை கறையானால் வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல்லாயிரமாகப் புத்தளம், கற்பிட்டி, மதுரங்குளிப் பக்கங்களில் வந்து தங்கிய காலத்தில், கிடுகு வேய்ந்த குடிசைகளின் மண் தரையில் மரப்பெட்டி எதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் கல்வீடுகள் எழுந்து தரை சீமெந்தாகியும், சுவரோரத்து வெடிப்புகளின் வழியே கறையான் மண்குழாய் கட்டி ஏறுவது நிற்கவில்லை. தரையோடு ஒட்டிய பீடமுள்ள அலுமாரியில் அது ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. அரைமுழ உயரக் காலுள்ளதில் தெரியும். தெரிந்தால் துடைத்துவிடலாம் என்பதே காலின் பிரயோஜனம்.

மரத்தைத் தெரிவு செய்வதில் இக்கரையார் பாக்கியசாலிகள். உலர் வலயத்தில் அரசாங்கம் நட்டு வளர்த்த தேக்கு, எண்ணெய்ப் பசையாலும் சுருக்கம் குறைந்த இயல்பாலும் எல்லாவற்றிலும் முதன்மை பெறுகிறது. பச்சை நிலையிலிருந்து முற்றாக உலரும்வரை அது வளையத்தின் போக்கில் நூற்றுக்கு ஆறு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், ஆரத்தின் போக்கில் அதிற் பாதிக்கும் குறைவாகவுமே சுருங்கும். வீட்டுக்குள் ஈரம் ஏறி இறங்குவதால் மரத்தின் ஈரப்பதம் நாலு பங்கு மாறினால், முப்பது சென்ரிமீற்றர் அகலமுள்ள தேக்குப் பலகை ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் அசையும். ஆகையால் அகன்ற பலகையைப் பசையிட்டு நாற்புறமும் இறுக்காமல், சட்டத்தின் தவாளிப்புக்குள் தளர்வாக நிறுத்துவதே முன்னோர் கண்ட முறை. பலா, பொன்னிறமும் கறையானை ஓரளவு எதிர்க்கும் வலிமையும் உடையது. ஆயினும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் அது காக்கப்பட்டிருப்பதால், சொந்தத் தோட்டத்து மரமாயினும் அனுமதிப்பத்திரமின்றி வெட்டலாகாது என்பதைச் செய்விப்போர் மறத்தல் கூடாது. முதிரை அழகிற் சிறந்தது, ஆனால் கனம் மிகுந்தது, விலையும் அவ்வாறே; அதை முகப்புச் சட்டத்துக்கு மாத்திரம் உபயோகிப்பது போதும். வேம்பு இங்கு தாராளமாக விளைந்தும், மணத்தையும் திருகல் நாரையும் காரணங்காட்டி ஒதுக்கப்படுகிறது. கூடத்து அலுமாரியின் உட்தட்டுகளுக்கு அதைவிட மலிவான, பூச்சி அணுகாத மரம் இப்பிரதேசத்தில் வேறில்லை என்பேன்.

தென்னையைப் பற்றி நான் சற்றுப் பக்ஷபாதமாகப் பேசினால் வாசகர் பொறுத்தருள வேண்டும். புத்தளம், குருநாகல், கம்பஹா ஆகிய முக்கோணத்தின் ஒரு முனையில் வாழ்ந்துகொண்டே, காய்ப்பு ஓய்ந்த முதுமரங்களைக் கூரைக் கைமரத்துக்கும் விறகுக்கும் மட்டும் கொடுத்துவிடுகிறோம். தண்டின் வெளிவளையத்து மரம் கன மீற்றருக்கு 600 கிலோகிராமுக்கு மேற்பட்ட செறிவுடையது. நடுப்பாகமோ 400க்கும் கீழ்ப்பட்ட பஞ்சு. இரண்டையும் பிரித்தறியாத மரக்காலையில் வாங்கியவர்களே தென்னைமரம் உளுத்துப்போகும் என்று தூற்றுகிறார்கள். அடிமரத்தின் வெளிவளையத்தைத் தேர்ந்து அரிந்து நிழலில் உலர்த்தி இழைத்தால், கரும்புள்ளி வரிகளோடு வேறெந்த மரத்துக்கும் இல்லாத முகம் கிடைக்கும். அது வாளின் பல்லை விரைவில் மழுக்கிவிடும் என்பதால் ஓடாவிமார் கூலி கூட்டிக் கேட்பர், அது நியாயமே.

ஆயத்த அலுமாரிகளைக் குறித்து அதிகம் சொல்வதற்கில்லை. எம்.டி.எப். எனப்படும் நார்ப்பலகை, மட்டமும் மழமழப்பும் உடையதாயினும், வெட்டுவாயில் ஈரம் புகுந்தவுடன் ரொட்டிபோல் உப்பி, திருகாணியைப் பிடித்துவைக்கும் பலத்தை இழக்கிறது. இழந்த பலம் உலர்ந்தாலும் திரும்பாது. அதற்கு மாற்று ஒட்டுப்பலகை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காலிக்கு அருகே கிந்தோட்டையில் தேயிலைப் பெட்டிக்கென ஒட்டுப்பலகை ஆலை அமைந்த நாள் முதல் அத்தொழில் நம் நாட்டுக்குப் புதியதன்று. நீர் புகாப் பசையால் ஒட்டிய பலகை கிடைக்குமாயின், அகன்ற தட்டுகளுக்கு அதை உபயோகிப்பதில் இழுக்கொன்றுமில்லை.

ஒலிபெருக்கிப் பெட்டியை அலுமாரியுள் அடைப்பது வேறு பிழை. பெல் ஆய்வுகூடத்தின் தூராஸ் 1932இல் காப்புரிமை பெற்ற துவாரப் பெட்டியாயினும், எட்கர் வில்ச்சர் 1954இல் வெளிக்கொணர்ந்த முற்றாக மூடிய பெட்டியாயினும், உட்காற்றின் கனபரிமாணத்தைக் கணக்கிட்டு, ஒட்டுவாயில் இடைவெளியின்றி, அதிராத கனப் பலகையால் செய்யப்படவேண்டியவை. அலுமாரிக்கோ இடைவெளிதான் உயிர். இவ்விரண்டு தர்மங்களும் ஒரு சட்டத்துள் பொருந்தா. அலுமாரியின் குழிக்குள் தள்ளப்பட்ட பெட்டி, தாழ்ந்த சுரங்களைக் குடத்துக்குள் பேசுவதுபோல் முழக்கிக் காட்டும். இசைத்தட்டு வைத்திருப்போர்க்கு, அந்த அதிர்வு ஊசிக்கே திரும்பி வந்து ஊளையாகும். ஆகவே ஒலிபெருக்கிகளைத் தனிப் பீடங்களில் அலுமாரிக்கு இருமருங்கும் நிறுத்துக. விந்தை யாதெனில், மேலே நான் குறை கூறிய நார்ப்பலகை, ஓரங்களை நன்றாக அடைத்துப் பூசினால், வரியும் முடிச்சும் அற்ற தன்மையால் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு மிகவும் உகந்தது.

தட்டையான தொலைக்காட்சி வந்தபின், அதைச் சுவரில் மாட்டிவிட்டால் அலுமாரியே வேண்டாம் என்று வாதிப்போர் உளர். திரைக்கு வேண்டாம் என்பது மெய். அலைமாற்றி, இணைய ரவுட்டர், மின்வழங்கி ஆகியவற்றுக்கு வேண்டும். ஐம்பத்தைந்து அங்குலத் திரை ஏறத்தாழ 122 சென்ரிமீற்றர் அகலமும், நாற்பத்துமூன்று அங்குலத் திரை 95 சென்ரிமீற்றர் அகலமும் உடையவை; குகை வெட்டிய பழைய ஷோகேஸ்கள் இவற்றை ஏற்கமாட்டாமல் இன்று விறகுக்குப் போவதைப் பார்த்த பின்னும், புதிய திரையின் அளவுக்கே மறுபடியும் குகை வெட்டச் சொல்வது என்ன புத்தி? நீண்டு தாழ்ந்த ஓர் அலுமாரி செய்வித்து, தட்டுகளை நகர்த்தி வைக்கத்தக்க துளைவரிசையில் நிறுத்தி, திரையை அதன் மேலோ, மேற்சுவரிலோ வைத்தால், வருங்காலத்தில் எவ்வளவு மாறினாலும் அலுமாரி மாறவேண்டியதில்லை. உயரத்தை நிச்சயிக்கும்போது, நாற்காலியில் அமர்வோரின் கண்மட்டம் நிலத்திலிருந்து ஒரு மீற்றரை அடுத்தும், பாயில் அமர்வோரது அதனினும் ஒரு முழம் தாழ்ந்தும் இருக்கும் என்பதை எண்ணுக. நம் வீடுகளில் நோன்பு மாதத்து இரவுகளிலும் கிரிக்கெட் ஆட்ட நாட்களிலும் பாயே பெரும்பான்மை.

செய்விக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மொறட்டுவைத் தச்சரின் கைத்திறன் நாடறிந்தது. ஆனால் அங்கிருந்து வரும் அலுமாரி ஈர வலயத்துக் காற்றில் உலர்ந்து பொருந்தியது. இங்கு வந்து கச்சான் காற்றில் நின்றதும் ஒட்டுவாய்கள் விலகும். உள்ளூர் ஓடாவியின் மரம் உள்ளூர்க் காற்றில் உலர்ந்தது என்பதே அவருக்குள்ள அனுகூலம், அவர் உண்மையிலேயே உலர்த்தியிருப்பாராயின். ஓரங்குலப் பலகைக்கு ஓராண்டு நிழலுலர்ச்சி என்பது பழைய கணக்கு. கலியாணத் திகதி நெருங்கிய பின் வந்து அவசரப்படுத்துவோருக்கு எந்த ஓடாவியும் அவ்வளவு காலம் காத்திருந்து கொடுக்க முடியாது. எனவே அலுமாரி செய்விக்க விரும்புவீர்களாயின், பலகையை முந்திய வருஷமே வாங்கி, வீட்டு விறாந்தையில் இடையே சிறு சட்டங்கள் வைத்து அடுக்கிவிடுங்கள். வார்னிஷ் பூச்சுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைப் பித்தளைத் திருகாணிக்குக் கொடுங்கள். வேலை முடிந்ததென்று ஓடாவி அழைக்கும்போது, முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கம் சென்று, பலகையை நீங்களே கழற்றிப் பார்த்த பிறகு மீதிக் கூலியைக் கொடுங்கள்.